மழை, வெயில், புகைமூட்டம்: வீட்டு நாயை ஆண்டு முழுவதும் பேணும் முறை

மலேசியத் தமிழர் வீடுகளில் நாய் பெரும்பாலும் வாசலில்தான் வளர்கிறது. தோட்டத்து லயத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. தாமான் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தின் ஓரம். வெயில் ஏறினால் வீட்டில் இருப்பவர்கள் காற்றாடியைப் போட்டுக்கொள்வார்கள். மழைச்சாரல் அடித்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கட்டிப் போட்ட நாய்க்கு அந்த வசதி இல்லை. சங்கிலி எட்டும் தூரம்தான் அதற்கு எல்லை. நிழல் நகர்ந்தாலும் அதனால் நகர முடியாது; தண்ணீர் ஏறினாலும் ஓட முடியாது.

நாய் வளர்ப்புப் புத்தகங்களிலும் காணொளிகளிலும் வரும் பருவகால ஆலோசனைகள் பெரும்பாலும் பனி பெய்யும் நாடுகளுக்கானவை. இங்கு பனி இல்லை. ஆனால் பருவங்கள் இல்லை என்று சொல்ல முடியாது. வெயில், புகைமூட்டம், இடி, மழை, வெள்ளம் என ஒவ்வொன்றும் தன் காலத்தில் வந்து போகிறது. ஒவ்வொன்றுக்கும் நாயின் இடத்தையும் கவனிப்பையும் மாற்றினால், பல நோய்களையும் சில மரணங்களையும் தவிர்க்கலாம்.

ஆண்டின் சுழற்சி

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கிறது. அதன் முதற்பாதியில் கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர் ஆகிய மாநிலங்களில் கனமழை பெய்யும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வடமாநிலங்களில் வெயில் கடுமையாகும். ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபரும் பருவமாற்றக் காலம்; பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். பல மாநிலங்களில் அது வறண்ட காலம். புகைமூட்டம் வருவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

வெயில் மாதங்கள்

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். மனிதரைப் போல அதற்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் மூச்சிரைப்பதால் கிடைக்கும் பலன் குறையும். அதனால்தான் 34 டிகிரி வெயிலும் புழுக்கமும் சேர்ந்த மலேசிய நண்பகல் நாய்க்கு ஆபத்தாகிறது.

தொடர்ந்து 3 நாள்கள் ஓரிடத்தின் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரிக்குள் இருந்தால் வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கிறது. 37 முதல் 40 டிகிரி வரை இருந்தால் அது இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் பதிவானது. இத்தகைய எச்சரிக்கை வரும் நாள்களில் நாயைப் பகலில் வீட்டுக்குள்ளேயோ, காற்றோட்டமுள்ள பின்கட்டிலோ வைப்பது நல்லது.

நாயைக் கட்டும் இடத்தில் காலை 8 மணிக்கு நிழல் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. நண்பகலிலும் மாலை 4 மணிக்கும் பார்க்க வேண்டும். தகரக் கூரை மட்டும் உள்ள கொட்டகை பகலில் அடுப்பாகிவிடும். கூரைமேல் தென்னை ஓலையோ பழைய பலகையோ பரப்பினால் சூடு குறையும். சுவருக்கும் கூரைக்கும் இடையே காற்று போக இடைவெளி வேண்டும்.

10 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே சுமார் அரை லிட்டர் தண்ணீர் தேவை. வெயிலில் இன்னும் கூடும். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றொன்று இருக்கும்படி, கனமான இரண்டு பாத்திரங்களை நிழலில் வைக்கலாம்.

நடக்க அழைத்துச் செல்ல ஏற்ற நேரம் அதிகாலையும் இரவும்தான். தார்ச் சாலையில் புறங்கையை வைத்து 7 விநாடி தாங்க முடியாவிட்டால், நாயின் பாதமும் தாங்காது. காருக்குள் நாயை விட்டுப் போவது, “ஐந்தே நிமிடம்” என்றாலும் கூடாது. கதவு அடைத்த காரில் 10 நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை.

பக், ஷிட்சு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களும், வயதானவையும், பருமனானவையும் வெயிலை மிகக் குறைவாகவே தாங்கும். ஹஸ்கி போன்ற அடர்ந்த இரட்டை முடி நாய்களை மொட்டையடிப்பது உதவாது. அந்த முடி வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. உதிரும் உள்முடியைச் சீவி எடுத்தாலே போதும்.

வெப்பத் தாக்கம்: முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம்

உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். நிற்காத மூச்சிரைப்பு, கடுஞ்சிவப்பாகும் நாக்கும் ஈறும், கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அறிகுறிகள். மயங்கி விழும்வரை காத்திருக்கக் கூடாது.

நாயை உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே காற்றாடியைப் போட வேண்டும். குழாயில் முதலில் வரும் சுடுநீரை வெளியே விட்டுவிட வேண்டும். ஈரத்துணியால் போர்த்தி வைப்பது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். ஊற்றுவதும் விசிறுவதுமே சரி. சுயநினைவு இருந்தால் தண்ணீர் குடிக்க வைக்கலாம். வாயில் வலிந்து ஊற்றக் கூடாது. சில நிமிடம் இப்படிக் குளிர்வித்த பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். எழுந்து நடந்தாலும் காட்ட வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தே தெரியவரலாம்.

புகைமூட்டம்

2015, 2019ஆம் ஆண்டுகளில் புகைமூட்டம் காரணமாகப் பள்ளிகளே மூடப்பட்டன. அந்த நாள்களிலும் வாசலில் கட்டிய நாய் அதே காற்றைத்தான் சுவாசித்தது. ஐபியு எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் காற்று ஆரோக்கியமற்றது. 200க்கு மேல் மிக ஆரோக்கியமற்றது. 300க்கு மேல் அபாயகரமானது.

100ஐத் தாண்டும்போது ஓட்டத்தையும் நீண்ட நடையையும் நிறுத்தி, சிறுநீர், மலம் கழிக்க மட்டும் வெளியே விடலாம். 200ஐத் தாண்டினால் நாயை உள்ளே வைப்பதே சரி. மனிதருக்கான முகக்கவசம் நாய்க்குப் பொருந்தாது. மூச்சிரைப்பைத் தடுத்து ஆபத்தையே உண்டாக்கும். வெளியே போய் வந்ததும் கண்ணோரத்தையும் பாதத்தையும் ஈரத்துணியால் துடைக்கலாம். இருமல் தொடர்ந்தாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இடியும் தீபாவளி வெடியும்

அக்டோபர் மாத இடிமழையும் தீபாவளி வெடியும் அடுத்தடுத்து வருகின்றன. சீனப் புத்தாண்டிலும் நோன்புப் பெருநாளிலும் அதே சத்தம் திரும்பக் கேட்கும். நாயின் செவி மனிதரின் செவியைவிடக் கூர்மையானது. வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் வேலியைத் தாண்டி ஓடி, வழி தெரியாமலோ வாகனத்தில் அடிபட்டோ போகலாம். சங்கிலியில் இருந்தால் இழுத்து இழுத்துக் கழுத்தை இறுக்கிக்கொள்ளலாம்.

வெடி தொடங்கும் முன்பே நாயை நடக்க வைத்து, உணவு கொடுத்து, சன்னல் சாத்திய அறையில் விட வேண்டும். வானொலியோ தொலைக்காட்சியோ ஓடிக்கொண்டிருந்தால் வெளிச்சத்தம் அமுங்கும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காமல் விட்டுவிட வேண்டும். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருப்பது அவசியம். மிகவும் நடுங்கும் நாய்க்குப் பண்டிகைக்குச் சில நாள் முன்பே மருத்துவரிடம் மருந்து கேட்டு வாங்கலாம்.

பலகாரத்திலும் கவனம் வேண்டும். கேசரியிலும் கேக்கிலும் இருக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட், வெங்காயம், பூண்டு, மதுபானம் ஆகியவையும் நஞ்சு. ஆட்டெலும்பும் கோழி எலும்பும் வெந்தபின் சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும். விருந்தினர் ஆளுக்கொரு துண்டு போடுவதைத் தடுக்க, நாயைப் பின்கட்டில் வைப்பதே எளிய வழி.

பண்டிகைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் ஒரு தட்டுச் சோற்றை வைத்துவிட்டுப் போவது போதாது. வெயிலில் குழம்புச் சோறு சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். தினமும் வந்து பார்க்க அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் செல்லலாம். அல்லது நாய்க் காப்பகத்தில் முன்கூட்டியே இடம் சொல்லி வைக்கலாம்.

மழைக்காலம்: ஈரமும் அதன் நோய்களும்

மழை நாளில் நாய்க்கு முதல் தேவை உலர்ந்த படுக்கை. சிமெண்டுத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திய மரப் பலகை போதும். சாரல் அடிக்கும் திசையை மறைக்க வேண்டும். குட்டிக்கும் வயதான நாய்க்கும் ஒரு பழைய போர்வையும் வேண்டும். கேமரன் மலையில் இரவுக் குளிர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதால், அங்கு எல்லா நாய்களுக்கும் இது பொருந்தும்.

நனைந்த நாயை வயிறு, கால் இடுக்கு, விரலிடை வரை துடைக்க வேண்டும். ஈரம் தங்கிய இடத்தில்தான் சொறியும் பூஞ்சையும் தொடங்குகின்றன. தொங்கு காது நாய்களுக்கு வாரம் ஒருமுறை காதைத் திறந்து முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்: கெட்ட வாடை, கறுப்பு அழுக்கு, தலையை ஆட்டிக்கொண்டே இருத்தல் ஆகியவை காதுத் தொற்றின் அடையாளம். புண்ணில் ஈ மொய்த்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். அதை வீட்டில் கிண்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூட்டையில் வாங்கும் நாய் உணவில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்; மூடியுள்ள டின்னில் வைத்தால் கெடாது.

உண்ணிக்கு மலேசியாவில் ஓய்வுக் காலமே இல்லை. ஒரு பெண் உண்ணி சில ஆயிரம் முட்டைகள் இடும். அதுவும் நாயின் மேல் அல்ல, சுவர் விரிசலிலும் கூண்டின் இடுக்கிலும். எனவே நாயை மட்டும் குளிப்பாட்டினால் உண்ணி தீராது. கூண்டையும் சுவரையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து படுக்கும், உணவை வெறுக்கும், ஈறு வெளுக்கும், சில வேளை மூக்கில் இரத்தம் வரும். இரத்தப் பரிசோதனையில் விரைவில் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். ஒரு மாதமோ மூன்று மாதமோ பலன் தரும் மாத்திரைகள் உண்டு. வலிப்பு வந்த நாய் என்றால் அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். தோட்டத்துப் பூச்சிமருந்தையோ மண்ணெண்ணெயையோ நாய்மேல் தேய்ப்பது உண்ணியோடு நாயையும் கொல்லும்.

கொசு இதயப்புழுவைப் பரப்புகிறது. நாயின் இதயத்திலும் நுரையீரல் இரத்தக் குழாயிலும் அந்தப் புழு வளர்ந்து, இருமலாகவும் இளைப்பாகவும் வெளிப்படும்போது சிகிச்சை கடினமாகிவிடும். மாதம் ஒருமுறை தரும் தடுப்பு மருந்து மலிவானது. தொடங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நாயின் தண்ணீர்ப் பாத்திரமே ஏடிஸ் கொசு வளரும் இடமாகலாம். முட்டை பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்வதால், தினமும் தண்ணீரை மாற்றுவதோடு பாத்திரத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். டிங்கி ஒழிப்புக்குப் புகை அடிக்க வரும்போது நாயையும் அதன் பாத்திரங்களையும் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

எலிக் காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து நாய்க்கும் மனிதருக்கும் தொற்றும். காய்ச்சல், வாந்தி, மஞ்சளாகும் கண், கருத்த சிறுநீர் ஆகியவை அறிகுறிகள். நோயுற்ற நாயின் சிறுநீர் மூலம் வீட்டாருக்கும் பரவலாம் என்பதால், சுத்தம் செய்யும்போது கையுறை தேவை. இதற்குத் தடுப்பூசி உண்டு. முதலில் சில வார இடைவெளியில் இரண்டு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் போட வேண்டும். இரவில் நாய்க்கு வைத்த மிச்சச் சோறுதான் எலியை வரவழைக்கிறது. நாய் உண்டு முடித்ததும் தட்டை எடுத்துவிட வேண்டும்.

வெள்ளம்: சங்கிலியைக் கழற்ற மறக்கக் கூடாது

2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் தண்ணீர் ஏறிய வேகத்தில் பலருக்குப் பொருளை எடுக்கவே நேரம் இருக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கட்டிப் போட்ட நாய்க்குத் தப்ப வழியே இல்லை. அவிழ்த்துவிட்ட நாய் நீந்தலாம், மேடேறலாம், கூரையில் நிற்கலாம்.

ஆகவே தாழ்வான பகுதிகளில் கனமழை எச்சரிக்கை வந்த இரவுகளில் நாயைக் கட்டாமல் விடுவதே பாதுகாப்பு. கூண்டின் பூட்டையும் திறந்து வைக்கலாம். தற்காலிக நிவாரண மையங்களில் நாய்க்கு இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினரிடமோ நண்பரிடமோ நவம்பர் மாதத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். கழுத்துப் பட்டை, கயிறு, மூன்று நாள் உணவு, தடுப்பூசி அட்டை, நாயின் படம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வாசலருகே மாட்டி வைக்கலாம். வெள்ளம் வடிந்த பின் நாயைச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேங்கிய நீரைக் குடிக்க விடக் கூடாது.

தோட்டப்புறத்தில் கூடுதல் கவனம்

செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு நஞ்சு வைப்பது வழக்கம். அதைத் தின்ற நாய்க்கும், நஞ்சு தின்ற எலியைத் தின்ற நாய்க்கும் இரத்தம் உறையாமல் போகும். அறிகுறி தெரிய மூன்று நாள், ஐந்து நாள்கூட ஆகலாம்: சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கிலோ மலத்திலோ இரத்தம். இதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து. காலத்தோடு கொடுத்தால் நாய் பிழைக்கும். நஞ்சு வைக்கும் நாள்களைக் கங்காணியிடம் கேட்டுவைத்து அந்த வாரங்களில் நாயை வெளியே விடாமல் இருப்பது நல்லது. களைக்கொல்லி அடித்த வரிசைகளுக்கும் இது பொருந்தும்.

மழை இரவில் தேரையைக் கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி வாயைப் பல முறை கழுவ வேண்டும். நடுக்கமோ வலிப்போ வந்தால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நச்சுமிழும் நாகம் கண்ணில் நஞ்சைப் பீய்ச்சினால், உடனே நிறையத் தண்ணீரால் பல நிமிடம் கழுவி மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தீமையே செய்யும்.

எந்தப் பருவத்திலும் காய்ச்சலுக்குப் பனடோல், வலிக்கு ஐபுபுரோஃபன் என்று வீட்டு மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. கல்லீரலும் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

தடுப்பூசி, உரிமம், சட்டம்

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டு, 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். பார்வோ நோயால் இறக்கும் குட்டிகளில் பல தடுப்பூசி முடிக்காதவை. வெறிநாய்க்கடி நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017 ஜூலையில் சரவாக்கிலும் கண்டறியப்பட்டது. நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

நாய்க்கு ஊராட்சி மன்ற உரிமம் எடுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் பல இடங்களில் நாய்க்கு அனுமதி இல்லை. தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறும் குடும்பங்கள் இதை வீடு மாறும் நாளில் தெரிந்துகொண்டால், நாய் லயத்திலேயே விடப்படும். முன்பே தெரிந்தால் அதற்கு வேறொரு வீடு தேட அவகாசம் இருக்கும்.

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கீழ் விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உணவு, தண்ணீர், தங்குமிடம் ஆகியவற்றைத் தருவது உரிமையாளரின் கடமை.

ஆண்டுக்கு ஒரு பார்வை

பிப்ரவரிக்குள் நிழலும் கூரையும் சரிபார்க்கப்பட வேண்டும். ஜூன் தொடங்கியதும் ஐபியு அளவைக் கவனிக்க வேண்டும். தீபாவளிக்கு முன் கழுத்துப் பட்டை எண்ணும் உள்ளே ஓர் அறையும் தயாராக வேண்டும். நவம்பருக்குள் தடுப்பூசி, உலர்ந்த பலகை, வெள்ளப் பை ஆகியவை முடிய வேண்டும். உண்ணி மருந்தும் இதயப்புழு மருந்தும் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் தொடர வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு அதிகம் இல்லை. ஒரு பலகை, ஒரு ஓலைக் கூரை, இரண்டு பாத்திரம், மழை வலுக்கும் இரவில் சங்கிலியைக் கழற்ற ஒரு நிமிடம்.